கூண்டுக்குள் ஒரு மலைச்சரிவு

1972-ல் ஹவாயின் ஓஆஹு தீவில், கனியோஹே என்ற ஊரில், செல்லப்பிராணிக் கடைக்காரர் ஒருவர் கென்யாவிலிருந்து சில டஜன் ஜாக்சன் பச்சோந்திகளை வரவழைத்தார். ஆணுக்கு மூக்கின்மேல் மூன்று கொம்புகள் இருக்கும். பார்த்தவர்கள் வாங்காமல் போக மாட்டார்கள் என்று நினைத்திருப்பார். பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தவை பயணத்தில் வாடி வதங்கிக் கிடந்தன. கொஞ்சம் தேறட்டும் என்று வீட்டுத் தோட்டத்தில் விட்டார். தேறின. தேறிய கையோடு வேலியைத் தாண்டிப் போய்விட்டன. ஜாக்சன் பச்சோந்தி முட்டையிடுவதில்லை, குட்டி போடும். ஓஆஹுவில் மட்டுமல்ல, ஹவாயின் வேறு தீவுகளிலும் ஈரமான மலைச்சரிவுகளில் இன்று அது குடும்பம் குடும்பமாக வாழ்கிறது. அந்தத் தீவுகளுக்கே உரிய பூச்சிகளையும் அரிய மரநத்தைகளையும் தின்பதால் அரசுக்குத் தீராத தலைவலி.

சூழலியல் புத்தகங்களில் இது அயல் உயிரினம் பற்றிய எச்சரிக்கைக் கதையாக வரும். பச்சோந்தி வளர்க்க ஆசைப்படுகிறவர் இதை வேறு விதமாகவும் படிக்கலாம். அந்தக் காலத்தில் ஆப்பிரிக்கக் காடுகளில் பிடித்து ஏற்றுமதி செய்யப்பட்ட பச்சோந்திகளில் பெரும்பாலானவை, வாங்கியவர் வீட்டில் சில மாதங்கள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. வளர்க்கவே முடியாத பிராணி என்றுதான் பேசிக்கொண்டார்கள். கனியோஹே தோட்டத்தில் யாரும் வேளாவேளைக்குத் தீனி வைக்கவில்லை, மருந்து கொடுக்கவில்லை. இரவுக் குளிர், காலை ஈரம், சாய்வான வெயில், அதிலிருந்து நாலடி நகர்ந்தால் நிழல் என்று கென்ய மலையில் இருந்தவை அங்கேயும் இருந்தன. வீட்டுக் கூண்டில் அக்கறை இருந்தது, தீனி இருந்தது, வானிலை இல்லை.

ஆகவே பச்சோந்தியின் வீடு என்று இந்த அத்தியாயம் சொல்வது கூண்டை மட்டுமல்ல. ஏதோ ஒரு மலைச்சரிவின் ஒரு நாளை, விடியலிலிருந்து நள்ளிரவு வரை, அறையின் ஒரு மூலையில் நடத்திக்காட்டும் ஏற்பாட்டை. அதைச் செய்ய முதலில் எந்த மலை என்று தெரிய வேண்டும். பச்சோந்திகளில் 200-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஏறக்குறைய பாதி மடகாஸ்கரில் வாழ்பவை. சில பாலைவன ஓரத்தில் வாழ்கின்றன, சில குளிர்ந்த மழைக்காட்டின் சருகுகளுக்குள். பொதுவான 'பச்சோந்திக் கூண்டு' என்று விற்கப்படும் எதையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

முதல்முறை வளர்ப்பவர்களுக்கு உலகெங்கும் பரிந்துரைக்கப்படுவது ஏமன் பச்சோந்தி. 1851-ல் அறிவியல் பெயர் பெற்றது. தலைமேல் ஒரு கூம்பு நிமிர்ந்து நிற்கும். ஆண் வாலோடு சேர்த்து 45 முதல் 60 சென்டிமீட்டர் வரை வளரும், பெண் அதைவிடச் சிறியது. ஏமனின் தென்மேற்கிலும் அதை ஒட்டிய சவுதி அரேபியாவின் அசீர் பகுதியிலும் செங்கடலைப் பார்த்து எழும்பும் மலைச்சுவர்தான் அதன் ஊர். அரேபியா என்றதும் மணல் நினைவுக்கு வரும். இப், தாயிஸ் நகரங்களைச் சுற்றிய மலைகளோ படிப்படியாக வெட்டப்பட்ட வயல்களும், கருவேல இனத்து மரங்களும், மழைநாளில் நீரோடும் பள்ளத்தாக்குகளுமாக இருக்கும். பகலில் நல்ல வெயில். சூரியன் மறைந்தால் குளிர். விடியும் முன் இலைகளில் ஈரம். வெயிலையும் வறட்சியையும் ஓரளவு தாங்கும் உடல் இந்த ஊரில் உருவானதுதான். கூண்டில் பிறந்து வளர்ந்த குஞ்சுகள் கிடைப்பதும் இந்த இனத்தில் எளிது. பிடித்து வந்ததை வாங்காதீர்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒட்டுண்ணிகளும் பயணக் களைப்பும் சேர்ந்து வரும் ஒன்றை முதல்முறை வளர்ப்பவரால் காப்பாற்ற முடியாது.

நம் ஊரில் இன்னொரு கேள்வியையும் தாண்ட வேண்டும். தென்னிந்தியப் புதர்க்காடுகளிலும் இலங்கையிலும் வாழும் நம்முடைய பச்சோந்தி வேறு இனம். வேலியோரத்தில் கண்டாலும் அதைப் பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஏமன் பச்சோந்தி, சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022-ல் நடந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். காகிதம் இல்லாமல் ஒருவர் மலிவாகத் தந்தால் அது மலிவில்லை.

இனிக் கூண்டு. வளர்ந்த ஆணுக்கு இரண்டடி நீளம், இரண்டடி அகலம், நான்கடி உயரம் குறைந்தபட்சம். உயரத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது. பச்சோந்தியின் கால்விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டி இரு கொத்தாகப் பிரிந்திருக்கும். முன்காலில் உள்பக்கம் மூன்று, வெளிப்பக்கம் இரண்டு, பின்காலில் அது தலைகீழ். கிளையை இருபுறமும் கவ்விப் பிடிப்பதற்கான கால் அது. தரையில் நடக்கும்போது பார்த்தால் பரிதாபமாக இருக்கும். வாலும் ஐந்தாவது கையாகச் சுற்றிக்கொள்ளும். ஆகவே கூண்டின் தரைப்பரப்பு அதற்குப் பெரிய விஷயமில்லை. வெவ்வேறு பருமனில், வெவ்வேறு சாய்வில், ஒன்றோடொன்று தொட்டுச் செல்லும் கிளைகள்தான் அது வாழும் நிலம். விரல்கள் முக்கால் வட்டம் சுற்றும் அளவுக் கிளை நடக்க வசதி. உறங்க மெல்லிய கொம்பு வேண்டும். வழவழப்பான பிளாஸ்டிக் கொடிகளைவிட, பூச்சிமருந்து படாத கொய்யாக் கிளை மேல்.

கூண்டின் சுவர் கம்பிவலையா கண்ணாடியா என்பதில் வளர்ப்பவர்களுக்குள் ஓயாத சண்டை. குளிர்நாடுகளில் சூட்டையும் ஈரத்தையும் தக்கவைக்க மூடிய சுவர் உதவும், காற்றோட்டத்துக்குத் தனி வழி வைத்தால். வெப்பமான கடலோர ஊர்களில் வலைதான் சரி. கண்ணாடியில் இன்னொரு தொல்லையும் உண்டு: தன் பிம்பத்தை இன்னொரு பச்சோந்தியாக நினைத்து நாளெல்லாம் உடலை விரித்துச் சீறிக்கொண்டிருக்கும். கூண்டை மேசைமேல் தூக்கி வையுங்கள். அது உட்காரும் உச்சிக்கிளை உங்கள் கண்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். பச்சோந்தியைத் தின்னும் பறவைகள் மேலிருந்து வருபவை. தலைக்கு மேலே குனிந்து பார்க்கும் மனித முகத்தை அது எப்படி எடுத்துக்கொள்ளும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சூட்டைப் பற்றிப் பேசும்போது பச்சோந்தியின் நாக்கிலிருந்து தொடங்க வேண்டும். 2010-ல் அமெரிக்காவில் கிறிஸ்டோபர் ஆண்டர்சனும் ஸ்டீஃபன் டெபனும் ஏமன் பச்சோந்திகளை 15, 25, 35 டிகிரி செல்சியஸில் வைத்து, அவை பூச்சியை நோக்கி நாக்கை எறிவதை அதிவேகக் கேமராவில் படமெடுத்தார்கள். பல்லி ஓணான் இனங்களுக்கு உடல் குளிர்ந்தால் தசை மந்தமாகும். பச்சோந்தியின் நாக்கோ, 10 டிகிரி குறைந்தும் வெளியே பாயும் திறனில் 10 முதல் 19 சதவீதம் வரைதான் இழந்தது. காரணம், பாய்ச்சலின் விசை தசையிலிருந்து நேராக வருவதில்லை. தசை முன்கூட்டியே மெதுவாக இழுத்து, மீள்தன்மை கொண்ட இணைப்புத் திசுவில் ஆற்றலைச் சேமித்து வைக்கிறது. விடுபடும்போது திசு சுருங்கி நாக்கை எறிகிறது. திசு சுருங்குவதற்குச் சூடு தேவையில்லை. ஆனால் எறிந்த நாக்கைத் திரும்ப இழுப்பது தசையின் வேலை. அந்தத் திறன் 42 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது.

மலையில் குளிர்ந்த விடியலில், மற்றப் பல்லிகள் வெயிலுக்குக் காத்துக் கிடக்கும்போதே பச்சோந்தி வேட்டையாட முடிவது இதனால்தான். வீட்டில் இதே திறமை நம்மை ஏமாற்றும். விளக்கு போதாத கூண்டிலும் அது டக்கென்று பூச்சியைப் பிடித்துத் தின்னும். 'சாப்பிடுகிறதே, நன்றாகத்தானே இருக்கிறது' என்று நாம் நிம்மதியாக இருப்போம். நாக்குக்குச் சூடு தேவையில்லை, குடலுக்குத் தேவை. செரிமான நொதிகளுக்குச் சூடு கிடைக்காவிட்டால் தின்ற பூச்சி உள்ளேயே கெடும். பசி எடுப்பது கூண்டு சரியாக இருப்பதற்குச் சான்று ஆகாது.

உச்சிக்கிளைக்கு மேலே, கூண்டுக்கு வெளியே, ஒரு சாதாரண ஹாலஜன் பல்பு போதும். அந்தக் கிளையில் 29 முதல் 32 டிகிரி. பெண்ணுக்கும் குஞ்சுக்கும் இரண்டு மூன்று டிகிரி குறைவு. கூண்டின் நடுவில் 25-ஐ ஒட்டி, அடியில் அதற்கும் கீழே. இந்த இறக்கம்தான் முக்கியம். கூண்டு முழுவதும் 30 டிகிரி என்றால் அது சரியான சூடல்ல, தப்ப வழியில்லாத சூடு. அளவைக் கிளையில் எடுக்காமல், பச்சோந்தியின் முதுகும் தலைக்கூம்பும் வரும் உயரத்தில் எடுங்கள். விளக்கு நெருங்கினால் கூம்பின் நுனி வெந்துபோகும். மேலிருந்து வரும் அந்தச் சூட்டை அது சரியாக உணர்ந்து விலகுவதில்லை, தோல் கருகிய பிறகுதான் நமக்கே தெரியும்.

இரவில் எல்லா விளக்கையும் அணைக்க வேண்டும். சிவப்பு பல்பு, நீல பல்பு, 'நிலவொளி' பல்பு என்று கடையில் காட்டுவார்கள், ஒன்றும் வேண்டாம். 12 மணி நேரம் முழு இருட்டு, கூடவே வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது நல்லது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இது தானாக நடக்கும். சென்னையில் மே மாத இரவு பெரும்பாலும் 28 டிகிரியை ஒட்டியே இருக்கும். அங்கே வளர்க்க நினைப்பவர் விளக்குச் செலவைவிடக் குளிர்சாதனச் செலவைத்தான் முதலில் கணக்குப் போட வேண்டும். அது கட்டுப்படியாகாது என்றால் இந்த ஆசையைத் தள்ளிப்போடுவது பச்சோந்திக்குச் செய்யும் நல்லது. மின்வெட்டு இன்னொரு சங்கதி: விளக்குகளை ஏற்றி அணைக்க டைமர் வாங்கும்போது மின்சாரம் போய் வந்தாலும் நேரம் மறக்காத, உள்ளே பேட்டரி உள்ள வகையாகப் பாருங்கள்.

சூடு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கைக்குத் தெரியும். அடுத்து வருவது இரண்டுக்கும் தெரியாது. வீட்டில் வளரும் பச்சோந்திகள் பலவற்றைக் கொல்வதும் அதன் குறைதான்.

சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களில் ஒரு குறுகிய பட்டை, சுமார் 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது, தோலில் விழும்போது அங்கே இருக்கும் ஒருவகைக் கொழுப்புப்பொருள் முன்வைட்டமினாக உடைகிறது. அந்த முன்வைட்டமின் உடற்சூட்டில் மெல்ல வைட்டமின் டி3-ஆக மாறுகிறது. பிறகு ஈரலிலும் சிறுநீரகத்திலும் இரண்டு படி தாண்டி, குடலிலிருந்து கால்சியத்தை உறிஞ்ச உத்தரவிடும் ஹார்மோனாகிறது. இதில் முதல் படிக்கு ஒளி, இரண்டாம் படிக்குச் சூடு. அதனால் ஒளிவிளக்கையும் சூட்டுவிளக்கையும் கூண்டின் இரு மூலைகளில் வைப்பது சரியல்ல. மலையில் இரண்டும் ஒரே சூரியனிலிருந்து, ஒரே முதுகில் விழுபவை.

இந்தச் சங்கிலி அறுந்தால், இரத்தத்தில் கால்சியம் குறைவதைக் கண்ட உடல் தன் எலும்பையே கரைத்து ஈடுகட்டும். முன்கால் எலும்பு வளையும். தாடை ரப்பராக மடங்கும். கிளையைப் பற்றும் பிடி தளரும். தசை சுருங்கவும் கால்சியம் வேண்டுமாதலால் நாக்கு பாதி தூரம் போய் விழும், சில நேரம் வெளியே தொங்கியபடியே நிற்கும். வளைந்த எலும்பு பிறகு நிமிர்வதில்லை.

சரி, தூளாக வைட்டமின் டி3 வாங்கிப் பூச்சியில் தடவிக் கொடுத்தால் போதாதா? இந்தக் கேள்விக்கு மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்திகளே பதில் சொல்லின. கிறிஸ்டோஃபர் கார்ஸ்டன், கேரி ஃபெர்குசன் உள்ளிட்ட குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வு அது. சில பச்சோந்திகளுக்கு உணவில் டி3 குறைவாகவும் சிலவற்றுக்கு அதிகமாகவும் கொடுத்து, புற ஊதா ஒளி கூடுதலாக உள்ள இடத்தையும் குறைந்த இடத்தையும் அவையே தேர்ந்துகொள்ள விட்டார்கள். உணவில் குறைவாகப் பெற்றவை ஒளியில் அதிக நேரம் இருந்தன. நிறையப் பெற்றவை விலகியே இருந்தன. இரத்தப் பரிசோதனை இல்லை, மருத்துவர் இல்லை. தனக்கு எவ்வளவு பாக்கி என்று அந்த உடலுக்குத் தெரிந்திருக்கிறது.

வேதியியலும் பச்சோந்தியின் பக்கம்தான். ஒளி அதிகமானால் தோலில் உள்ள முன்வைட்டமின் பயனற்ற வேறு சேர்மங்களாக மாறிப்போகும். வெயிலால் டி3 அளவு கடந்து ஏறுவதில்லை. வாய்வழி கொடுப்பதற்கு அப்படித் தடுப்பு கிடையாது. மிஞ்சினால் இரத்தக் குழாயிலும் சிறுநீரகத்திலும் சுண்ணாம்பு படியும். அதனால் டி3 இல்லாத வெறும் கால்சியத் தூளை அன்றாடத் தீனியில் லேசாகத் தூவுவதும், டி3 கலந்ததை மாதம் இரண்டு முறையோடு நிறுத்துவதும் வழக்கம். மிச்சத்தை ஒளி பார்த்துக்கொள்ளும். ஆனால் பச்சோந்தி தேர்ந்தெடுக்கக் கூண்டில் ஒளியும் வேண்டும், ஒளியிலிருந்து ஒதுங்க இலை நிழலும் வேண்டும். ஆய்வகத்தில் கொடுத்த அந்தத் தேர்வைக் கூண்டில் கொடுக்காவிட்டால் அதன் அறிவுக்கு வேலையே இல்லை.

ஜன்னலோரத்தில் வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் பலர். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், நமக்கு வேண்டிய அந்தப் பட்டையைக் கிட்டத்தட்ட முழுவதும் நிறுத்திவிடும். வாங்க வேண்டியது ஊர்வனவற்றுக்கென்று வரும் நீளமான டி5 (T5) குழல்விளக்கு. சுருள் வடிவில் வரும் சிறிய பல்புகள் இந்த உயரக் கூண்டுக்குப் போதாது. அதன் வீச்சைப் புற ஊதாக் குறியீட்டில் அளப்பார்கள், வானிலை அறிக்கையில் வரும் அதே எண். உச்சிக்கிளையில் உட்கார்ந்த பச்சோந்தியின் முதுகில் 3 அளவில் இருந்து, கீழே போகப் போகச் சுழியை நெருங்குவது நல்ல அமைப்பு. விளக்குக்கும் கிளைக்கும் இடையிலுள்ள வலையே கதிரின் கணிசமான பங்கைத் தின்றுவிடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். அளக்கும் கருவி விளக்கைவிட விலை அதிகம். நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். குழல்விளக்கு பழையதானால் வெளிச்சம் அப்படியே இருக்க, கதிர் மட்டும் தேய்ந்துகொண்டே போகும். மாட்டிய தேதியை விளக்கிலேயே ஒரு ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள், தயாரிப்பாளர் சொல்லும் கெடுவில், மாற்ற வேண்டும்.

நம் ஊரில் இதற்கெல்லாம் ஈடான பொருள் இலவசமாக மொட்டைமாடியில் கிடைக்கிறது. காலை இளவெயிலில், பாதிக்கூண்டுக்கு நிழல் விழும்படி, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது அரைமணி நேரம் வலைக்கூண்டோடு வெளியே வைக்கலாம். கண்ணாடித் தொட்டியை ஒருபோதும் வெயிலில் வைக்காதீர்கள். சில நிமிடங்களில் அது அடுப்பு. காக்கை, பூனை இரண்டையும் மறக்க வேண்டாம்.

தண்ணீரில் பச்சோந்திக்கு ஒரு பிடிவாதம். கிண்ணத்தில் வைத்தால் பெரும்பாலும் அதைத் தண்ணீராகவே மதிக்காது. இலைநுனியில் தொங்கும் துளி, வெளிச்சத்தில் மினுங்கி நகரும் துளி, அதைத்தான் நக்கும். விடியலிலும் விளக்கு அணையும் முன்பும் இலைகள் நனையும்படி தெளிக்க வேண்டும். பகலில் சொட்டுச் சொட்டாக விழும் ஒரு குழாய் இருந்தால் இன்னும் நல்லது. மருத்துவமனைச் சலைன் குழாய் இதற்கு அருமையாக உதவும். செக் நாட்டுப் பச்சோந்தி ஆய்வாளர் பெட்ர் நெச்சாஸ் பல ஆண்டுகளாக வலியுறுத்தும் கருத்து ஒன்று உண்டு: காட்டில் பச்சோந்திக்கு ஈரத்தின் பெரும்பங்கு இரவு மூடுபனியிலும் பனித்துளியிலும் கிடைக்கிறது, பகல் வறண்டே இருக்கிறது. இதைப் படித்தவர்கள் இரவில் கூண்டுக்குள் பனிப்புகை விடும் கருவிகளை வாங்கத் தொடங்கினார்கள். மலையில் பனி குளிரோடு வருவது. சூடான காற்றில் இரவெல்லாம் ஈரப்புகை விட்டால் அது நுரையீரல் தொற்றுக்கு வைக்கும் பந்தி. இரவு வெப்பம் 20-ஐ ஒட்டி இறங்கும் இடங்களில் மட்டும் அந்தக் கருவி பொருந்தும். கடலோர ஊர்களில் இரவுக் காற்றே போதுமான ஈரத்தோடு வரும். அங்கே கவலைப்பட வேண்டியது தெளித்த ஈரம் நண்பகலுக்குள் காய்கிறதா என்பதைத்தான். இலை காயாமல், தரை சொதசொதவென்று இருந்தால் தெளிப்பைக் குறைத்து, காற்றைக் கூட்டுங்கள்.

தண்ணீர் போதுமா என்பதை எச்சத்தில் பார்க்கலாம். பழுப்பு எச்சத்தோடு கெட்டியான ஒரு வெள்ளைப் பகுதி வரும். அதுதான் அதன் சிறுநீர், யூரிக் அமிலமாக. வெள்ளை என்றால் நல்லது. நுனியில் கொஞ்சம் மஞ்சள் பரவாயில்லை. முழுவதும் ஆரஞ்சு நிறம் என்றால் உடல் காய்கிறது. கூண்டின் அடியில் வெள்ளைக் காகிதம் விரிப்பதைப் பலர் சோம்பேறித்தனம் என்பார்கள். முதல் சில மாதங்களுக்கு அதைவிடச் சிறந்த தரை இல்லை. எச்சம் தெளிவாகத் தெரியும், மண்ணை விழுங்கும் பயமும் இல்லை.

செடிகளில் உயிருள்ளவையே வேண்டும், ஏனென்றால் துளி தங்குவதும் நிழல் தருவதும் ஒளிந்துகொள்ள இடம் கொடுப்பதும் அவைதான். செம்பருத்தி, மணி பிளான்ட், வெள்ளால் இனத்து ஃபைகஸ் ஆகியவை பரவலாகப் பயன்படுபவை. ஏமன் பச்சோந்தி பூச்சியோடு இலையும் தின்னும்; ஆகவே கூண்டில் வைக்கும் எந்தச் செடியும் அதன் தட்டில் வைத்தது மாதிரிதான். அரளி, எருக்கு, டைஃபன்பேகியா பக்கத்திலேயே வரக் கூடாது. நர்சரியிலிருந்து வந்த செடியை நன்றாக அலசி, சில வாரம் வெளியே வைத்திருந்து பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். பூச்சிமருந்து இலையில் இருந்தால் முதலில் பூச்சிக்கும் பிறகு பச்சோந்திக்கும் போகும்.

தீனி பற்றி இந்த நூலில் தனி அத்தியாயம் வருகிறது. கூண்டோடு தொடர்புடையதை மட்டும் சொல்கிறேன். சுவர்க்கோழிகளைக் கூண்டு முழுக்க அவிழ்த்துவிட்டால், தின்றது போக மிஞ்சியவை இரவில் தூங்கும் பச்சோந்தியைக் கடிக்கும். ஒரு கிளையருகே உயரமான கோப்பையைக் கட்டி அதில் விடுவது நல்லது. கோப்பைக்கும் கிளைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி நேர்கோட்டில் இருக்கட்டும், நாக்குக்கு ஓடுபாதை வேண்டும். தூரத்தை அது எப்படிக் கணிக்கிறது என்பதை 1977-ல் லிண்ட்சே ஹார்க்னஸ் கண்டுபிடித்தார்: பச்சோந்தியின் கண்ணுக்கு முன்னால் கண்ணாடி வில்லை மாட்டிவிட்டார், நாக்கு குறி தவறியது. இரு கண்ணின் கோணத்தைக் கொண்டு அல்ல, கேமராவைப் போலக் குவியத்தைத் திருத்தித் திருத்தியே அது தூரம் அறிகிறது. இடையில் இலை அசைந்தால் அந்தக் கணக்கு குழம்பும்.

இரண்டு பச்சோந்திகளை ஒரே கூண்டில் வைக்கலாமா? கூடாது. ஒன்றையொன்று பார்க்கும்படி பக்கத்துக் கூண்டிலும் கூடாது. 2013-ல் ரஸ்ஸல் லிகனும் கெவின் மெக்ராவும் ஆண் ஏமன் பச்சோந்திகளை மோதவிட்டு நிறமாற்றத்தை அளந்தார்கள். உடல்வரிகள் பளிச்சென்று ஆனவை எதிராளியை நோக்கி முன்னேறின. தலை வேகமாகவும் பளிச்சென்றும் மாறியவை வென்றன. பின்னணிக்கு ஏற்ப ஒளிந்துகொள்ளும் வித்தையாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும் நிறமாற்றத்தில் பெரும்பகுதி இப்படி இன்னொரு பச்சோந்திக்குச் சொல்லும் சேதி. வென்றவன் மின்னுவான், தோற்றவன் கருத்து ஒடுங்கி இடத்தைக் காலி செய்வான். கூண்டில் காலி செய்ய இடமில்லை. பல வாரம் இருண்ட நிறத்தில் கிடக்கும் பச்சோந்தி தோற்றுக்கொண்டே இருக்கிறது, எதிராளி கண்ணாடியில் தெரியும் தன் நிழலாகவே இருந்தாலும். காலையில் வெயில் காயும்போது கருப்பது வேறு. அது சூட்டை வாங்கிக்கொள்ள, சற்று நேரத்தில் வெளுத்துவிடும்.

இதில் ஒரு சிக்கலையும் மறைக்கக் கூடாது. முட்டையிலிருந்து வந்ததும் தனித்தனியாக வளர்க்கப்பட்ட ஏமன் பச்சோந்திக் குஞ்சுகள், கூட்டத்தில் வளர்ந்தவற்றைவிடப் பிற்பாடு அதிகம் பணிந்துபோயின, நிறம் மங்கின, இரை பிடிப்பதிலும் பின்தங்கின என்று 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. தனிமை விரும்பி என்று எழுதிவைத்த பிராணிக்கும் சிறுபிராயத்தில் பக்கத்தில் ஆள் வேண்டியிருக்கிறது. வாங்குபவர் செய்யக்கூடியது, பொரித்த உடனே பிரித்து விற்கும் குஞ்சை எடுக்காமல், மூன்று மாதமாவது உடன்பிறந்தவற்றோடு வளர்ந்ததைக் கேட்டு வாங்குவது.

பெண்ணை வளர்ப்பவர் கூண்டில் ஒரு பொருளை ஆரம்பத்திலிருந்தே வைக்க வேண்டும்: ஓரடி ஆழத்துக்கு ஈர மணலும் மண்ணும் நிரப்பிய தொட்டி. பெண் ஏமன் பச்சோந்தி ஆணையே பார்க்காமல் கருவற்ற முட்டைகளை இடும், ஒரு ஈட்டுக்குப் பல டஜன். கையால் குடைந்தால் சுரங்கம் இடியாமல் நிற்கும் பதத்தில் மண் இருக்க வேண்டும். அப்படி இடம் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே வைத்துக்கொண்டு செத்துப்போகும். இளம் பெண் பச்சோந்திகள் சாகும் வழிகளில் இது சாதாரணமானது. தோண்டும்போது யாராவது பார்ப்பது தெரிந்தால் வேலையை நிறுத்திவிடும், கூண்டைத் துணியால் மூடிவிட்டு விலகிவிடுங்கள். தீனியும் சூடும் மிதமாக இருந்தால் ஈட்டின் அளவு குறைகிறது என்பது அனுபவப்பட்டவர்கள் பலர் சொல்வது. ஆணை முதலில் வளர்ப்பது சுலபம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எல்லாம் மாட்டியாயிற்று. இன்னும் பச்சோந்தியை வாங்காதீர்கள். காலிக் கூண்டு இரண்டு வாரம் ஓடட்டும். விடியலில் எத்தனை டிகிரி, நண்பகலில் உச்சியில் எத்தனை, அடியில் எத்தனை, தெளித்த ஈரம் எத்தனை மணிக்குக் காய்ந்தது, இரவு எவ்வளவு இறங்கியது என்று தினமும் எழுதிவையுங்கள். விளக்கின் உயரம் சரியில்லை, குழாய் ஒழுகுகிறது, டைமர் பொய் சொல்கிறது எல்லாம் இந்தக் காலத்தில் தெரியட்டும். தெரியும்போது பாதிக்கப்பட உள்ளே யாரும் இருக்கக் கூடாது.

பச்சோந்தி வந்த அன்று கூண்டுக்குள் விட்டுவிட்டுப் போய்விடுங்கள். முதல் எச்சத்தை ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் புழுப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஒரு வாரத்துக்குக் கையில் எடுக்கும் ஆசை வேண்டாம். தூரத்தில் உட்கார்ந்து, எந்தக் கிளையில் வெயில் காய்கிறது, எதில் தூங்குகிறது என்று மட்டும் பாருங்கள். நீங்கள் அளந்து, 30 டிகிரியும் குறியீடு 3-மாகத் தயார்செய்த உச்சிக்கிளையை விட்டுவிட்டு அரையடி தள்ளி ஒரு கோணல் கொம்பில் அது தினமும் உட்காரலாம். அப்போது விளக்குகளை அந்தக் கொம்புக்கு மேலே நகர்த்தி, முதுகு மட்டத்தில் சூட்டையும் கதிரையும் மறுபடி அளந்துகொள்ளுங்கள்.